மலைநாடு வளர்த்த மருந்து மரம்

என்றும் பசுமை மாறாத சிங்கோனா மரத்தின் தாயகம் தென் அமெரிக்காவின் அந்தீசு மலைச்சாரல். கசப்பு மிக்க அதன் பட்டை குளிர்காய்ச்சலைத் தணிக்கும் என்பதை 17ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியர் அறிந்தனர். 1820இல் பெலத்தியே, கவாந்து என்னும் பிரெஞ்சு அறிஞர் இருவர் அப்பட்டையிலிருந்து கொயினாவைப் பிரித்தெடுத்தனர். செங்குருதிக் கலங்களிற் புகுந்து பெருகும் மலேரியாக் கிருமியைக் கொல்வதே கொயினாவின் ஆற்றல்.

இம்மரத்தைப் பயிரிடும் பொருட்டு 1861இல் நுவரெலியாவை அடுத்த ஹக்கலையில் அரசாங்கத் தோட்டம் ஒன்று அமைந்தது. 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பிப் பயிரை அழித்தபோது தோட்டத்துரைமார் பலர் சிங்கோனாவை நாடினர். 1886இல் ஏறத்தாழ ஒன்றரைக் கோடி இறாத்தற் பட்டை இலங்கையிலிருந்து கப்பலேறிற்று. சந்தையிற் பட்டை குவியவே விலை வீழ்ந்தது. மரங்கள் நின்ற இடத்தில் தேயிலை நடப்பட்டது. கொயினாச் சத்து மிகுந்த இனத்தைப் பேணி வளர்த்த ஜாவாத் தீவின் கைக்கு உலக வாணிகம் மாறிற்று.

1934இல் மழை பொய்த்தது. ஓட்டமிழந்த ஆறுகள் குட்டைகளாகத் தேங்க, அவற்றில் நுளம்பு பெருகிற்று. அவ்வாண்டின் இறுதியில் மூண்டு 1935இலும் தொடர்ந்த மலேரியாவுக்கு ஏறத்தாழ 80,000 பேர் இரையாயினர். ஊரூராகக் கொயினா வழங்கப்பட்டது. ஒரு காலத்திற் பட்டையை உலகுக்கு அனுப்பிய நாடு, தன் மக்களின் காய்ச்சலுக்குப் பிறநாட்டு மருந்தை நம்பி நின்றது.

2016இல் இலங்கை மலேரியா அற்ற நாடென உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. எனினும் அப்பழைய பாடம் மறத்தற்குரியதன்று. விலை வீழ்ந்த நாளில் வெட்டிய மரம், நோய் வந்த நாளில் உடனே முளைத்து உதவுவதில்லை.