ஊருக்கும் சேரிக்கும் அப்பால்: ஒடுக்கப்பட்ட பிள்ளைகளின் விடுதிக் கல்வி வரலாறு

தமிழகக் கிராமங்களில் தீண்டாமைக்கு ஆளான சாதிகளின் பிள்ளைகளுக்குக் கல்வி மறுக்கப்பட்ட கதை, பெரும்பாலும் பள்ளிக் கதவு சாத்தப்பட்ட கதையாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. கதவு திறந்த பின்னரும் அப்பிள்ளைகளுள் மிகப் பலர் படிப்பைப் பாதியில் விட நேர்ந்தது ஏன் என்ற கேள்விக்கு, அவர்கள் எங்கே உண்டனர், எங்கே உறங்கினர், பள்ளி விட்ட பிறகு யாருடைய நிலத்தில் வேலை செய்தனர் என்பவற்றை ஆராயாமல் விடை காண இயலாது. பிள்ளை தன் குடியிருப்பை விட்டு வந்து தங்கி, உண்டு, படிக்கும் ஏற்பாடான விடுதிக் கல்வி தமிழகத்தில் எவ்வாறு தோன்றி வளர்ந்தது என்பதையும், அதே மக்களின் ஒரு பகுதியினர் குடிபெயர்ந்து வந்த மலேசியாவின் பேராக் மாநில ரப்பர் தோட்டங்களில் அத்தகைய ஏற்பாடு ஏன் உருவாகவில்லை என்பதையும் இக்கட்டுரை ஒருசேர ஆராய்கிறது.

பழைய செங்கற்பட்டு, தஞ்சாவூர், ஆற்காடு மாவட்டங்களில் சாதி இந்துக்கள் வாழும் ஊரும் ஒடுக்கப்பட்டோர் வாழும் சேரியும் வயலாலோ வாய்க்காலாலோ பிரிக்கப்பட்டிருந்தன. பள்ளி, கிணறு, அஞ்சல் நிலையம், கோயில் ஆகிய அனைத்தும் ஊர்ப்பக்கத்திலேயே இருந்தன. சேரி மக்களுள் பலர் பண்ணையாட்களாக, அதாவது வாங்கிய சிறு கடனுக்காகத் தலைமுறை தலைமுறையாக ஒரே நிலவுடைமையாளரிடம் கட்டுண்டு உழைப்பவர்களாக இருந்தனர். மாடு மேய்க்கவும் களை பறிக்கவும் பண்ணையாளின் பிள்ளையும் அழைக்கப்பட்டான். ஆகவே அப்பிள்ளை பள்ளிக்குப் போவது ஆசாரத்தை மீறிய செயலாக மட்டுமன்றி, நிலவுடைமையாளருக்கு ஆள்குறைவாகவும் அமைந்தது. சேரியிலேயே ஒரு பள்ளியைத் திறந்தாலும் நடவுக் காலத்திலும் அறுவடைக் காலத்திலும் அது காலியாகக் கிடந்ததற்குக் காரணம் இதுவே.

இந்நிலைமையை அரசு ஆவணங்களில் முதன்முதலாக விரிவாகப் பதிவு செய்தவர்களுள் ஒருவர் செங்கற்பட்டு மாவட்ட ஆட்சியராக இருந்த டிரமன்ஹீர். 1891இல் அவர் எழுதிய அறிக்கை, பறையர் மக்களின் நிலமின்மையையும் மிராசுதாரர்களின் பிடியையும் கல்வியின்மையையும் ஒன்றோடொன்று பிணைந்த சிக்கல்களாகக் கண்டது. செங்கற்பட்டில் ஆடம் ஆண்ட்ரூ, திருவள்ளூரையடுத்த ஈக்காட்டில் வில்லியம் கௌடி முதலிய கிறித்தவ மிஷனரிகளும் இதே காலத்தில் அரசை வற்புறுத்தி வந்தனர். 1893இல் சென்னை அரசு பிறப்பித்த கல்வி ஆணை, பஞ்சமர் எனப்பட்ட மக்களுக்கான பள்ளிகளுக்குக் கூடுதல் மானியம், ஆசிரியர் பயிற்சிக்கு உதவித்தொகை போன்றவற்றை வழங்கியது. மறு ஆண்டில் தியோசாபிகல் சங்கத்தின் கர்னல் ஆல்காட் தம் முதல் பஞ்சமர் இலவசப் பள்ளியைச் சென்னையில் தொடங்கினார். அதற்குப் பண்டிதர் அயோத்திதாசரின் ஒத்துழைப்பு கிடைத்தது. இவை போற்றத்தக்க முயற்சிகளே. எனினும் ஆல்காட்டின் பள்ளிகள் பகற்பள்ளிகளாகையால், மாலையில் பிள்ளை மீண்டும் விளக்கில்லாத குடிசைக்குத் திரும்ப வேண்டியிருந்தது. தங்கிப் படிக்கும் வாய்ப்பு மிஷன் வளாகங்களில்தான் கிடைத்தது. அங்கே மதமாற்றம் குறித்த எதிர்பார்ப்பும் உடன் இருந்தது.

அந்த எதிர்பார்ப்புக்கு உட்படாமல், சேரியிலிருந்தே எழுந்த ஒருவரின் தலைமையில் விடுதிக் கல்வி உருப்பெற்றது சிதம்பரத்தில். ஆரணியை அடுத்த மேல்புதுப்பாக்கத்தில் 1890இல் பிறந்த முனுசாமி, திண்டிவனத்து மிஷன் பள்ளியில் பயின்று, பின்னர் சென்னை வியாசர்பாடியில் கரபாத்திர சுவாமிகளிடம் சீடராகிச் சகஜானந்தர் என்ற துறவுப் பெயர் பெற்றார். 1910இல் சிதம்பரம் வந்த அவர், ஓமக்குளத்தில் நந்தனார் பெயரால் மடம் அமைத்து, 1916இல் நந்தனார் கல்விக் கழகத்தை நிறுவிப் பள்ளியைத் தொடங்கினார். தில்லைக் கோயிலுக்குள் நுழைய ஏங்கிய ஆதனூர்ப் புலைப்பாடி அடியவரின் பெயரை, அக்கோயில் இருக்கும் ஊரிலேயே ஒரு பள்ளிக்குச் சூட்டியது ஆழ்ந்து எண்ணிச் செய்த அறிவிப்பு என்றே கருத வேண்டும். பின்னாளில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனி உயர்நிலைப் பள்ளிகளாகவும் அவற்றோடு இணைந்த விடுதிகளாகவும் இது வளர்ந்தது. தென்னாற்காடு, தஞ்சை மாவட்டச் சேரிகளிலிருந்து வந்த பிள்ளைகள் அங்கே தங்கிப் படித்தனர்.

சகஜானந்தரின் பணியில் கவனிக்க வேண்டிய கூறு, பிள்ளையை மிராசுதாரரின் கைக்கெட்டாத தொலைவுக்குக் கொண்டுவந்து சேர்த்ததாகும். ஒரு பாய், ஒரு தட்டு, மூன்று வேளைச் சோறு, இரவில் படிக்க ஒரு விளக்கு ஆகிய நான்கும் சேரிக் குடிசையில் ஒருங்கே கிடைக்காதவை. அவற்றை ஒரே கூரையின் கீழ்த் தந்ததன் வழியாக அந்த விடுதி, ஆசிரியர் எவராலும் தனித்துச் செய்ய முடியாத ஒரு வேலையைச் செய்தது. சகஜானந்தர் சட்டமன்ற உறுப்பினராகவும் நீண்ட காலம் இருந்து, 1959இல் மறையும் வரை விடுதிகளுக்கும் உதவித்தொகைக்குமாக வாதாடினார். துறவியாகவும் சமய நெறியாளராகவுமே அவரை நினைவுகூரும் வழக்கம், கல்வி நிறுவனராக அவர் ஆற்றிய பணியை மறைத்துவிட்டது.

விடுதி என்றாலே அடுத்து எழுவது அடுக்களை பற்றிய கேள்வி. யார் சமைப்பது, யார் யாரோடு பந்தியில் உட்காருவது என்பதில் சாதி மிகக் கூர்மையாக வெளிப்படும். வ.வே.சு. ஐயர் 1922இல் தொடங்கிய, சேரன்மாதேவியில் நடைபெற்ற குருகுலம் தேசியக் கல்விக்கான உறைவிடப் பள்ளியாகும். காங்கிரஸ் நிதியும் பிற நன்கொடைகளும் பெற்றது. அங்கே பிராமண மாணவர் இருவருக்கு அவர்தம் பெற்றோரின் வற்புறுத்தலால் தனியே உணவு பரிமாறப்பட்டது வெளியே தெரிந்ததும், 1924, 1925 ஆண்டுகளில் வரதராஜுலு நாயுடுவும் பெரியார் ஈ.வெ. இராமசாமியும் அதை எதிர்த்துக் கிளர்ந்தனர். அது ஒடுக்கப்பட்டோருக்கென ஏற்பட்ட பள்ளி இல்லையெனினும், பொதுப்பணத்தில் நடக்கும் விடுதியில் பந்தி பிரியலாகாது என்ற கோட்பாடு தமிழக அரசியலில் நிலைபெற்றது அந்தப் பூசலின் வழியாகவே. 1925 நவம்பரில் காஞ்சிபுரம் மாநாட்டில் பெரியார் காங்கிரஸை விட்டு விலகியதற்கு வகுப்புவாரிப் பிரதிநிதித்துவத் தீர்மானம் உடனடிக் காரணமாயினும், குருகுலத்துப் பந்தியின் கசப்பும் அதற்குப் பின்னால் இருந்தது.

மராட்டிய நாட்டின் அனுபவம் இங்கே ஒப்பிடத்தக்கது. கோல்காப்பூர் மன்னர் சாகு மகராஜ் 1901 முதல் சாதிக்கொரு விடுதியாகத் திறந்து, 1908இல் தீண்டப்படாதோருக்கும் தனி விடுதி ஏற்படுத்தினார். எல்லாச் சாதிப் பிள்ளைகளும் சேர்ந்து சமைத்து உண்ணும் விடுதியைச் சதாராவில் 1924இல் பாவுராவ் பாட்டீல் நிறுவினார். அம்பேத்கர் தாம் 1924இல் தொடங்கிய பகிஷ்கிருத ஹிதகாரிணி சபையின் முதற்பணிகளுள் ஒன்றாகச் சோலாப்பூரில் மாணவர் விடுதி திறந்தார். தனி விடுதியா, பொது விடுதியா என்ற விவாதத்தில் இரு தரப்புக்கும் நியாயம் உண்டு: தனி விடுதி, இழிவுபடுத்தப்படாமல் படிக்கும் இடத்தை உடனடியாகத் தந்தது, பொது விடுதி, மற்றச் சாதிப் பிள்ளைகளையும் திருத்தியது. அன்றைய சென்னை மாகாண அரசு முதல் வழியைத் தேர்ந்துகொண்டது. 1920இல் அமைந்த தொழிலாளர் ஆணையர் துறை, ஒடுக்கப்பட்டோருக்கான பள்ளிகளையும் விடுதிகளையும் நடத்தவும் தனியார் விடுதிகளுக்கு மானியம் தரவும் பொறுப்பேற்றது. மதுரைப் பகுதியில் வைத்தியநாத ஐயர், சென்னையில் ஹரிஜன சேவக சங்கத்தார் முதலியோர் நடத்திய விடுதிகள் அதன் பின்னர் வந்தவை.

இதே பத்தாண்டுகளில் தமிழகச் சேரிகளிலிருந்து மலாயாவுக்குக் கப்பலேறிய குடும்பங்களின் நிலை வேறு. கங்காணி எனப்பட்ட தொழிலாளர் மேற்பார்வையாளர் வழியாக ஆள் சேர்க்கப்பட்டுத் திருச்சி, தஞ்சை, சேலம், ஆற்காடு மாவட்டங்களிலிருந்து வந்த தோட்டத் தொழிலாளருள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் ஆதிதிராவிடச் சாதிகளைச் சேர்ந்தவர்கள் என்பது ஆய்வாளர்களின் மதிப்பீடு. பல தோட்டங்களில் அவர்களுக்கு லயங்கள், அதாவது வரிசை வீடுகள், தனியாக ஒதுக்கப்பட்டன. ஊர் சேரிப் பிரிவினை கடல் கடந்தும் கங்காணியோடு வந்து சேர்ந்தது. 1929 டிசம்பரில் ஈப்போவில் நடந்த தமிழர் மாநாட்டுக்கு வந்த பெரியார் சாதி ஒழிப்பைப் பற்றிப் பேசியதும், அதன் தொடர்ச்சியாக மலாயாவில் சீர்திருத்தச் சங்கங்கள் வலுப்பெற்றதும் இப்பின்னணியில் வைத்துப் பார்க்கத்தக்கவை.

1912ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேரோ அதற்கு மேலோ குடியிருக்கும் தோட்டத்தில் நிர்வாகம் பள்ளி அமைக்க வழி வகுத்தது. பள்ளி வந்தது, ஆனால் பல இடங்களில் தோட்ட எழுத்தரான கிராணியோ கங்காணியோ எழுதப் படிக்கத் தெரிந்த வேறு ஒருவரோதான் ஆசிரியர். விடியுமுன் பெற்றோர் ஆள்கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய்விட, மூத்த பிள்ளை தம்பி தங்கையைக் குழந்தைக் காப்பகமான ஆயக் கொட்டகையில் விட்டுவிட்டு, ரப்பர்ப் பால் சேரும் மங்கு துடைக்கவும் பால் தூக்கவும் மரவரிசையான நிரைக்குப் போய் உதவியது. எல்லாச் சாதிப் பிள்ளைகளும் ஒரே வகுப்பில் அமர்ந்தது தமிழகக் கிராமத்தில் எளிதில் கிட்டாத நன்மையே. இதைக் குறைத்து மதிப்பிடலாகாது. ஆயினும் தோட்டப் பள்ளியோடு படிப்பு முடிந்தது. இடைநிலைப் பள்ளி பல மைல் தொலைவில் நகரத்தில் இருக்க, அங்கே தங்க இடமில்லாத பிள்ளை பால்வாளியைத் தூக்கியது. தோட்டத்தில் உறைவிடம் இருந்தது உண்மைதான். அது கம்பெனியின் உறைவிடம், பிள்ளையை மரத்தோடு பிணைத்த உறைவிடம்.

உறைவிடக் கல்வியின் ஆற்றலைக் காலனிய அரசு அறியாமல் இல்லை. இதே பேராக்கில் கோலகங்சாரில் 1905இலேயே மலாய்க் கல்லூரி என்னும் உறைவிடப் பள்ளியை அரசு தொடங்கி, மலாய் உயர்குடிப் பிள்ளைகளை நிர்வாகப் பணிக்கு ஆயத்தப்படுத்தியது. ஒரு தலைமுறையைத் தொழில் மாற்றி உயர்த்த விரும்பிய இடத்தில் விடுதி கட்டப்பட்டது; தொழில் மாறாமல் வைத்திருக்க விரும்பிய இடத்தில் லயத்துப் பள்ளியே போதுமென விடப்பட்டது. மலாயா சுதந்திரம் பெற்றபோது எண்ணூற்றுக்கும் மேல் இருந்த தமிழ்ப்பள்ளிகள் இன்று ஐந்நூறைச் சற்றே தாண்டுகின்றன. தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது ஈப்போவின் புந்தோங், சிலிபின் போன்ற நகர்ப்புறப் பகுதிகளை நாடி வந்த குடும்பங்களுக்குப் பள்ளி அருகில் கிடைத்தது. உட்பகுதித் தோட்டங்களில் தங்கிவிட்டவர்களுக்கு அதுவும் கிடைக்கவில்லை. சாதியை அரசு கணக்கில் எடுக்காத நாட்டில், சாதியால் நேர்ந்த பின்தங்கலும் கணக்கில் வராமற் போயிற்று.

தமிழகத்தில் சுதந்திரத்துக்குப் பின் 1949இல் தனித் துறை உருவாகி, பின்னர் ஆதிதிராவிடர் நலத்துறை எனப் பெயர் பெற்று, ஆயிரத்துக்கும் மேற்பட்ட பள்ளிகளையும் அதே அளவுக்கு விடுதிகளையும் நடத்தும் நிலைக்கு வளர்ந்தது. முதல் தலைமுறைப் பட்டதாரிகளாகிய ஆசிரியர்கள், மருத்துவர்கள், வழக்கறிஞர்கள் எண்ணற்றோர் இவ்விடுதிகளின் சோற்றில் வளர்ந்தவர்கள். ஆயினும் தற்காலிக ஏற்பாடாகத் தொடங்கிய தனி விடுதி நிரந்தரமானபோது, ஊர்மக்களால் அது இன்னொரு சேரியாகவே பார்க்கப்பட்டது. ஒழுகும் கூரையும் பூட்டிய கழிப்பறையும் காப்பாளரில்லாத இரவுகளும் பல விடுதிகளின் நீண்ட காலக் குறைகள். ஆந்திரத்தில் 1980களில் தொடங்கிப் பின்னர் தெலங்கானாவிலும் தொடர்ந்த சமூகநல உறைவிடப் பள்ளிகள், விடுதியையும் பள்ளியையும் ஒரே வளாகத்தில் ஒரே நிர்வாகத்தின் கீழ் வைத்ததால் நல்ல பலன் தந்தன. அப்பள்ளிகளில் பயின்ற பதின்மூன்று வயதுப் பழங்குடிச் சிறுமி மாலாவத் பூர்ணாவும் தலித் மாணவர் ஆனந்த் குமாரும் 2014 மே மாதம் எவரெஸ்டில் ஏறினர். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் பாலிகானப்பள்ளியில் ஆபிரகாம் ஜார்ஜ் 1997இல் தொடங்கிய சாந்தி பவன், மழலைப் பருவம் முதலே பிள்ளைகளை ஏற்று வளர்க்கும் தனியார் முயற்சி. அதன் தரம் உயர்ந்தது. ஆனால் சில நூறு பிள்ளைகளுக்கு மேல் எட்டாத அத்தகைய முயற்சி, அரசு விடுதிக்கு மாற்றாக முடியாது.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவர் சக மாணவர்களாலேயே வீடு புகுந்து வெட்டப்பட்டதையடுத்து அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, 2024இல் அளித்த அறிக்கையில் பள்ளிப் பெயர்களிலுள்ள சாதி அடையாளங்களை நீக்கவும், துறைவாரிப் பள்ளிகளைப் பள்ளிக்கல்வித் துறையின் கீழ்க் கொண்டுவரவும் பரிந்துரைத்தது. 2025 ஜூலையில் அரசு நலவிடுதிகள் அனைத்துக்கும் சமூக நீதி விடுதிகள் என்ற பொதுப்பெயர் அறிவிக்கப்பட்டது. இம்மாற்றம் வரவேற்கத்தக்கது, ஆனால் விடுதிப் பிள்ளையின் நிலையைப் பெயர்ப்பலகையைவிடத் தட்டில் விழும் சோறே தீர்மானிக்கிறது. பள்ளி மாணவர் ஒருவருக்கான மாத உணவுப்படி 2023இல் 1,000 ரூபாயிலிருந்து 1,400 ரூபாயாக உயர்த்தப்பட்டது. நாளொன்றுக்கு இது 47 ரூபாய்க்கும் குறைவு. வளரும் பிள்ளைக்கு இத்தொகை போதாது. விலைவாசியோடு இணைத்து ஆண்டுதோறும் இதை உயர்த்துவதற்குத் தமிழக அரசு சட்டபூர்வமான விதி இயற்ற வேண்டும்.