டயாப்லோ 2: 25 வருஷப் பழைய கேமை இன்னும் ஏன் விளையாடுகிறார்கள்?

செல்போனில் கேம் ஆடிக்கொண்டிருக்கிறீர்கள். திரையில் ஒரு பெட்டி மின்னுகிறது. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது, ஆனால் திறக்கக் காசு கேட்கிறது. 'இந்த முறை நல்லது வருமோ?' என்ற அந்த ஆவலைக் கணினி கேம்களில் பரவலாக்கியதில் டயாப்லோ வரிசைக்குப் பெரிய பங்கு உண்டு. அதன் இரண்டாம் பாகம் 2000 ஜூனில் வந்தது. ஒரு வித்தியாசம்: அதில் பெட்டியைத் திறக்க ஒரு பைசாகூடக் கட்ட வேண்டாம்.

என்ன கேம் இது?

கலிஃபோர்னியாவில் இருந்த பிளிஸார்ட் நார்த் நிறுவனம் உருவாக்கிய ஆக்‌ஷன் ஆர்பிஜி. பாழடைந்த கிராமங்கள், கல்லறைகள், பாலைவனம், காடு, கடைசியில் நரகம் என்று போகும் இருண்ட கதை. அமேசான், பார்பேரியன், நெக்ரோமான்சர், பாலடின், சார்ஸரஸ் என 5 பாத்திரங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, பேய்களை வெட்டிக்கொண்டே முன்னேற வேண்டும். 2001-ல் வந்த கூடுதல் பாகத்தில் இன்னும் 2 பாத்திரங்களும் 5-வது அத்தியாயமும் சேர்ந்தன.

32 எம்பி ரேம் உள்ள கணினியிலேயே ஓடும். இணையம் இல்லாமலும் ஆடலாம், நாலு கணினியை ஒயரில் இணைத்து நண்பர்களோடும் ஆடலாம். டெல்லியில் நேரு பிளேஸ், பாலிகா பஜார் மாதிரி இடங்களில் திருட்டு சிடி வியாபாரம் கொடிகட்டிப் பறந்த காலம் அது. திருட்டு சிடியில் தனியாக ஆட முடிந்தது. ஆனால் நிறுவனத்தின் பேட்டில்நெட் சர்வரில் நுழைய ஒவ்வொருவருக்கும் சொந்த சிடி எண் தேவைப்பட்டது.

சுவாரஸ்யம் எங்கே இருக்கு?

பேயைக் கொன்றால் ஏதோ ஒரு பொருள் விழும். என்ன பொருள், அதற்கு என்ன சக்தி என்பதெல்லாம் அந்த நொடியில் குலுக்கலில் முடிவாகும். ஊருக்கு வெளியே உள்ள பாதைகளும் குகைகளும்கூடப் புது ஆட்டத்தில் மாறி அமையும்.

வெறும் அதிர்ஷ்டமா? இல்லை. 'மேஜிக் ஃபைண்ட்' என்று ஒரு கணக்கு இருக்கிறது. அந்தச் சக்தி உள்ள உடைகளை அணிந்தால் அரிய பொருள் விழும் வாய்ப்பு கூடும். ஆனால் ஏற ஏறப் பலன் குறையும். 'யூனிக்' வகைப் பொருட்களுக்கு 100 சதவீதம் சேர்த்தால் உண்மையில் கிடைப்பது 71. 250 சேர்த்தால் 125. 500 சேர்த்தாலும் 166-தான். அதற்காக மற்ற சக்திகளை விட்டுக்கொடுத்தால், பேயைக் கொல்லவே நேரமாகும். எங்கே நிறுத்துவது என்பதை நீங்கள்தான் தீர்மானிக்க வேண்டும். அதான் விளையாட்டே.

தனியாக ஆடும்போது 'பிளேயர்ஸ் 8' என்று டைப் செய்தால், எட்டுப் பேர் ஆடுவதாக நினைத்து கேம் பேய்களின் உயிரை 4.5 மடங்காக்கும். கிடைக்கும் அனுபவப் புள்ளிகளும் கூடும், பொருள் விழும் வாய்ப்பும் கூடும். அதிகம் வேண்டுமா, அதிக ரிஸ்க் எடுங்கள். காசு பேச்சே கிடையாது.

பணமாக மாறிய மோதிரம்

கேமில் தங்கக் காசு இருந்தாலும் அதற்குப் பெரிய மதிப்பில்லை. அதனால் ஆட்டக்காரர்கள் 'ஸ்டோன் ஆஃப் ஜோர்டன்' என்ற மோதிரத்தையே நாணயமாக வைத்துப் பண்டமாற்று செய்தார்கள். பிறகு சிலர் கேமில் இருந்த ஓட்டைகளைப் பயன்படுத்தி மோதிரத்தை நகலெடுக்க, கள்ள நோட்டு புழங்கும் ஊர் மாதிரி விலைவாசி எகிறியது.

2003 அக்டோபரில் வந்த 1.10 அப்டேட்டில் ஒரு தீர்வு வந்தது. மோதிரங்களைக் கேமில் உள்ள கடைக்காரரிடம் விற்கலாம். போதுமான அளவு விற்றதும் ஒரு சிறப்பு வில்லன் தோன்றுவான், அவனைக் கொன்றால் அரிய பரிசு. நாணயப் புழக்கத்தைக் குறைக்க ரிசர்வ் வங்கி செய்வதற்கு ஒப்பான வேலை!

அடுத்து வந்தவை என்ன ஆச்சு?

வெளியே இணையதளங்களில் பொருட்கள் நிஜப் பணத்துக்குக் கைமாறியதை நிறுவனமும் கவனித்தது. 2012-ல் வந்த டயாப்லோ 3-ல் நிஜப் பணத்தில் ஏலம் விடும் வசதியை அதுவே கொண்டுவந்தது. பேயைக் கொல்வதைவிட ஏலத்தில் வாங்குவது சுலபமானதால் ஆட்டத்தின் உயிரே போனது. 2014 மார்ச் 18-ல் அந்த ஏலத்தை மூடினார்கள்.

2022-ல் வந்த டயாப்லோ இம்மார்ட்டல் மொபைல் கேம் இலவசம். ஆனால் காசு செலவழித்தால் பலம் கூடும். காசு கட்டித் திறக்கும் பெட்டிகள் சூதாட்டமே என்று 2018-ல் பெல்ஜியம் சூதாட்ட ஆணையம் சொல்லியிருந்தது. அந்த நாட்டில் இம்மார்ட்டல் வெளியாகவில்லை.

நம்ம ஊர்ச் சட்டம்?

2025 ஆகஸ்ட்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஆன்லைன் கேமிங் சட்டம், பணம் கட்டிப் பணம் ஜெயிக்கும் கேம்களைத் தடை செய்கிறது. நடத்துபவருக்கு 3 ஆண்டு வரை சிறை, 1 கோடி ரூபாய் வரை அபராதம். பந்தயமாக இல்லாத சந்தா, ஒருமுறைக் கட்டணம் ஆகியவற்றுக்கு அனுமதி உண்டு. டயாப்லோ 2 இந்த இரண்டாவது வகை. ஆனால் காசு கட்டிப் பெட்டி திறந்து, வந்த பொருளைத் திரும்பப் பணமாக்க முடியாத கேம்கள் எந்தப் பக்கம் என்பதில்தான் சிக்கல். அங்கே சட்டத்தைவிட உங்கள் கவனம்தான் முதல் காவல்.

இப்போ ஆடலாமா?

2021 செப்டம்பரில் 'ரிசரக்டட்' என்ற புதுப்பித்த பதிப்பு வந்தது. அடியில் ஓடுவது பழைய கேமின் விதிகள்தான். கணினியில் ஒரு பட்டனைத் தட்டினால் பழைய படமே திரையில் வரும்.

குறைகள் இருக்கு. பை சின்னது, அடிக்கடி காலி செய்ய வேண்டும். ஒரே இடத்தைத் திரும்பத் திரும்ப ஆடுவது சிலருக்குச் சலிக்கும். தேர்ந்தெடுத்த திறன்களை மாற்றும் வசதியே 2010-ல்தான் வந்தது. அதுவரை தப்பாகத் தேர்ந்தெடுத்தால் முதலிலிருந்து ஆட வேண்டியதுதான். 'இன்னும் ஒரு தடவை' என்று ராத்திரி 2 மணி ஆகும் ஆபத்தும் உண்டு. குலுக்கலின் இழுப்பு காசில்லாமலும் வேலை செய்யும்.

அடுத்த முறை ஏதாவது கேமை இறக்கும்போது ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: நல்ல பொருள் கிடைக்க இது என் திறமையையும் நேரத்தையும் கேட்கிறதா, இல்லை என் யுபிஐ பின்னைக் கேட்கிறதா?