‘ஆறுதல் கோல்’ என்னும் அடைமொழி: ரோம் 1960-உம் துளசிதாஸ் பலராமும்

ரோம் ஒலிம்பிக் கால்பந்து, 1960 ஆகஸ்ட் 26, லாக்கிலா நகர்: ஹங்கேரி 2, இந்தியா 1. இந்தியாவின் ஒரே கோலை 79-ஆம் நிமிடத்தில் துளசிதாஸ் பலராம் அடித்தார். இந்தியக் கால்பந்தைப் பற்றி எழுதுவோர் இந்த கோலைக் கடந்துபோகும்போது வழக்கமாக ஒட்டும் அடைமொழி ‘ஆறுதல்’. இரண்டு கோல் பின்தங்கிய அணி கடைசியில் ஒன்றைத் திருப்பிக் கொடுத்தது. அதற்குமேல் அதில் ஒன்றுமில்லை என்பது இந்த அடைமொழியின் உட்பொருள். அது தவறு என்பதே என் வாதம். தவறு சொல்லோடு நின்றிருந்தால் கட்டுரை எழுத வேண்டியதில்லை. அந்நாளைய இந்தியத் தாக்குதல் மூவரைப் பி.கே. பானர்ஜி, சுனி கோஸ்வாமி, பலராம் என்று அடுக்கி, எப்போதும் மூன்றாமவராகவே அவரை எண்ணும் பழக்கத்துக்கும் இந்த வாசிப்பே வேர் என்று எனக்குத் தோன்றுகிறது.

இந்த வாசிப்புக்குப் பின்னால் ஒரு பழைய கருத்து நிற்கிறது. அந்நாளில் இந்திய உள்நாட்டு ஆட்டங்கள் 70 நிமிடத்தில் முடிந்துவிடும். ஆகவே 90 நிமிட ஆட்டத்தின் கடைசி இருபது நிமிடங்களில் நம்மவர்களுக்கு மூச்சு வாங்கிவிடும் என்பது அது. சான்றாக 1948 லண்டன் ஒலிம்பிக்கைக் காட்டுவார்கள். பிரான்சுக்கு எதிராக 1-1 என்று சமநிலையில் இருந்த ஆட்டத்தை, 89-ஆம் நிமிடத்தில் பெர்சில்லோன் அடித்த கோலில் இந்தியா இழந்தது. 1960-இல் குரோசெட்டோவில் அதே பிரான்சு 82-ஆம் நிமிடத்தில் சமன் செய்தது. இரண்டு சான்றுகள், ஒரே எதிரணி, ஒரே முடிவு. கேட்பதற்குக் கச்சிதமாகத்தான் இருக்கிறது.

ஆனால் ரோமில் இந்தியா வாங்கிய கோல்களை எண்ணியவர்கள் அடித்த கோல்களின் நிமிடங்களை வரிசைப்படுத்திப் பார்க்கவில்லை. மூன்று ஆட்டங்களில் இந்தியா அடித்தவை மூன்றே. பிரான்சுக்கு எதிராகப் பானர்ஜி 71-ஆம் நிமிடத்தில், ஹங்கேரிக்கு எதிராகப் பலராம் 79-இல், செப்டம்பர் 1 அன்று பெஸ்காராவில் பெருவுக்கு எதிராக மீண்டும் பலராம் 88-இல். மூன்றும் எழுபதாம் நிமிடத்துக்குப் பிறகு. உள்ளூரில் விசில் ஊதி, ஆட்டக்காரர்கள் பனியனைக் கழற்றியிருக்க வேண்டிய நேரத்தில்தான் இந்தியா கோல் அடிக்கத் தொடங்கியிருக்கிறது. மூச்சு வாங்கும் அணி செய்கிற காரியமா இது?

மூன்று கோல்களை வைத்துக்கொண்டு விதி எழுத முடியாது என்பதை மறக்கவில்லை. நிமிடக் கணக்கும் நடுவரின் கைக்கடிகாரமும் ஒன்றிரண்டு நிமிடம் முன்பின் இருக்கலாம். பானர்ஜியின் 71, ஒரு பதிவாளரின் பேனாவில் 69 ஆகியிருந்தாலும் வியப்பில்லை. ஆனால் பலராமின் இரண்டும் அப்படி நகரக்கூடிய எல்லைக்கு வெகு அப்பால் இருக்கின்றன. கடைசி நேரத்தில் தற்காப்பு தளர்ந்தது உண்மையாகவே இருக்கட்டும். தற்காப்பு தளர்ந்த அதே அணியில் தாக்குதல் ஏன் தளரவில்லை என்பதற்கு எழுபது நிமிடக் கருத்திடம் பதில் இல்லை.

பதிலை இடது ஓரத்தில் தேட வேண்டும் என்று நினைக்கிறேன். பலராம் அணிக்கு லெஃப்ட் அவுட். ஓரத்து ஆட்டக்காரன் என்றாலே பந்தைக் காலில் கட்டிக்கொண்டு கோட்டோரமாக ஓடுபவன் என்ற படம் நம் மனத்தில் இருக்கிறது. அப்படி ஓடுபவன் களைத்துப்போவான்தான். ஆனால் பலராமை உருவாக்கிய சையது அப்துல் ரஹீமின் ஐதராபாத் பள்ளி வேறு மாதிரியானது. பந்தை வைத்துக்கொண்டு ஆளைக் கடக்கக் கூடாது என்ற விதியோடு ரஹீம் போட்டிகள் நடத்தினார். பழக்கமில்லாத காலால் மட்டுமே ஆட வேண்டிய போட்டிகளும் நடத்தினார். இவற்றை ஒரு பயிற்சியாளரின் விநோதங்களாகச் சொல்லிச் சிரித்துவிட்டுப் போவது வழக்கம். நான் இவற்றை ஆற்றல் சேமிக்கும் முறையாக வாசிக்கிறேன். பந்து ஓடட்டும், ஆள் நிற்கட்டும் என்பதே அதன் சாரம். அப்படிப் பழகிய லெஃப்ட் அவுட், எதிரணியின் கால்கள் கனக்கும் நேரத்துக்காகத் தன் ஓட்டத்தை மிச்சம் வைத்திருப்பான்.

வேடசந்தூரில் குடகனாற்றுப் பக்கத்து மைதானங்களில் மாலை ஆட்டம் பார்ப்பவர்களுக்கு இது புதிதல்ல. பாதிக்கு இருபது நிமிடமே ஆடிப் பழகிய பையன்கள், இறுதியாட்டம் கூடுதல் நேரத்துக்குப் போனால் எல்லோரும் ஒன்றுபோல் சோர்ந்துவிடுவதில்லை. அதுவரை தொட்டுத் தொட்டுத் தள்ளிக்கொண்டிருந்த ஓரத்துப் பையன் அப்போதுதான் முதன்முறையாக முழு வேகத்தில் ஓடுவான். இதை ரோமுக்குச் சான்றாகக் காட்டவில்லை. ஆட்டநேரம் குறைவு என்பதிலிருந்து மூச்சு குறைவு என்ற முடிவுக்குத் தாவக் கூடாது என்பதற்கு மட்டும் சொல்கிறேன்.

இரண்டு கோல் முன்னிலை வந்ததும் ஹங்கேரி காலை மெதுவாக்கியதால்தான் பலராமுக்கு அந்த கோல் கிடைத்தது என்பது ஒரு மறுப்பு. அதே ஹங்கேரிதான் அந்தப் பிரிவில் பிரான்சை 7-0 என்றும் பெருவை 6-2 என்றும் நொறுக்கியது. முன்னிலை கிடைத்ததும் இளைப்பாறும் அணியின் கணக்கு இப்படி இருக்காது. இதற்குமேல் இந்த மறுப்புக்கு இடம் தரத் தேவையில்லை.

பிரிவில் முதலிடம் பெறும் ஒரே அணிதான் அரையிறுதிக்குப் போகும். அந்த முதல் ஆட்டத்தில், 79-ஆம் நிமிடத்தில் இந்தியா ஒரே ஒரு கோல் பின்னால் இருந்தது. பதினொரு நிமிடம் மீதம் இருந்தது. எதிரே கோரோச்சும் புளோரியான் ஆல்பர்ட்டும் ஆடிய அணி. ஆட்டம் முடிந்த பிறகே அந்த கோல் ‘ஆறுதல்’ ஆயிற்று. அடிக்கப்பட்ட கணத்தில் அது ஆட்டத்தைத் திறந்துவிட்ட கோல். பின்னால் வந்த முடிவை முன்னால் நடந்த செயலின் மேல் ஏற்றிப் பெயரிடுவதுதான் இங்கே நடந்திருக்கிறது.

இப்படிப் பெயரிடுவது நமக்கு மட்டும் உரிய பழக்கமல்ல. 1924 அக்டோபர் 2 அன்று புவெனஸ் ஐரஸில் செசாரியோ ஒன்சாரி என்ற அர்ஜென்டினா லெஃப்ட் அவுட் மூலை உதையிலிருந்தே நேராகப் பந்தை வலைக்குள் அனுப்பினார். எதிரணி உருகுவே அப்போது ஒலிம்பிக் சாம்பியன் என்பதால் அதற்கு ‘ஒலிம்பிக் கோல்’ என்று பெயர் வந்தது. இன்றும் தென் அமெரிக்காவில் அந்த வகைக் கோலுக்கு அதுவே பெயர். அதன் பெயரில் அவர் காலின் திறமை இல்லை, எதிரணியின் பட்டம்தான் இருக்கிறது. ஒன்சாரிக்குப் பெயர் மேலே தூக்கியது, பலராமுக்குக் கீழே தள்ளியது. இரண்டிலும் ஆட்டக்காரன் காணாமல் போகிறான்.

பெரு கோலைப் பற்றி வேறொரு மறுப்பு உண்டு. தென் அமெரிக்கா தன் தொழில்முறை ஆட்டக்காரர்களை அனுப்ப முடியாமல் அமெச்சூர் இளைஞர்களை அனுப்பியது. அவர்களிடம் 3-1 என்று தோற்ற ஆட்டத்தில் அடித்த கோலுக்கு என்ன மதிப்பு என்பார்கள். சரி, அந்த அளவுகோலையே எடுத்துக்கொள்வோம். ஹங்கேரி அரசின் நிழலில் ஆடியதால் தன் முதல்தர ஆட்டக்காரர்களையும் அமெச்சூர் என்று எழுதி அனுப்ப முடிந்தது. பெரு கோலின் மதிப்பை எவ்வளவு குறைக்கிறோமோ, ஹங்கேரி கோலின் மதிப்பை அவ்வளவு கூட்டியாக வேண்டும். மறுப்பவர்கள் முதல் பாதியை மட்டும் செய்கிறார்கள்.

செகந்தராபாத் அருகே அம்முகுடாவில் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்த பலராமின் மற்ற ஆண்டுகளையும் இதே கண்ணால் திரும்பப் பார்க்கலாம். ஈஸ்ட் பெங்கால் அணியின் தலைவராக 1961 கல்கத்தா லீக்கில் 23 கோல் அடித்து முதலிடம் பெற்றவர் அவர். லெஃப்ட் அவுட்டுக்கு இது பொருந்தாத எண்ணிக்கை என்று ஒதுக்குவதைவிட, அவர் எந்த இடத்திலிருந்து கோலை நோக்கி வந்தார் என்று கேட்பது பயனுள்ளது. 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தாய்லாந்துக்கும் ஜப்பானுக்கும் எதிராகக் கோல் அடித்தார். தென் கொரியாவை 2-1 என வென்று தங்கம் பெற்ற இறுதியாட்டத்தில் கோல் பானர்ஜிக்கும் ஜர்னைல் சிங்குக்கும் போயிற்று. அவ்வாண்டே அர்ஜுனா விருது. அடுத்த ஆண்டு ரயில்வே அணியான பி.என்.ஆருக்கு மாறிய கையோடு நுரையீரல் நோய் ஆட்டத்தை நிறுத்திவிட்டது. வயது முப்பதை எட்டவில்லை. கோஸ்வாமிக்கும் பானர்ஜிக்கும் பத்மஸ்ரீ வந்தது. 2023 பிப்ரவரி 16 அன்று இறக்கும்வரை இவருக்கு வரவில்லை.

ரோமுக்குப் பிறகு இந்தியா ஒலிம்பிக் கால்பந்துக்குத் தகுதி பெறவே இல்லை. பெஸ்காராவின் 88-ஆம் நிமிடத்தோடு அந்தக் கணக்கு நிற்கிறது.