பெரோவ்ஸ்கைட் சூரிய மின்கலங்களில் சேர்பொருள்கள்

மின்கலத்தில் ஒளியை உறிஞ்சும் மெல்லிய பெரோவ்ஸ்கைட் ஏட்டின் படிகப் பழுதுகளைக் குறைக்கக் கரைசலில் சிறிதளவு கலக்கப்படும், அல்லது ஏட்டின் மேல் பூசப்படும் வேதிப்பொருள்கள். இந்த ஏடு கரைசலிலிருந்து சில நிமிடங்களில் படிகமாகிவிடும். அந்த அவசரத்தில் அயோடைடு இருக்க வேண்டிய சில இடங்கள் காலியாகவும், படிக மணிகளின் ஓரங்களில் ஈய அயனிகள் பிணைப்பின்றியும் நின்றுவிடுகின்றன. எலக்ட்ரான்கள் சிக்கி வீணாவதும் ஈரம் நுழைவதும் அங்கேதான்.

பெரோவ்ஸ்கைட் என்னும் கனிமத்தை 1839இல் யூரல் மலைக் கற்களில் குஸ்தாவ் ரோஸ் கண்டறிந்தார். அவ்வகைப் படிகத்தைக் கொண்டு 2009இல் ஜப்பானின் மியாசகா குழு செய்த மின்கலத்தின் திறன் 3.8 விழுக்காடு.

2012இல் ஆக்ஸ்போர்டு குழு கரைசலில் ஈயக் குளோரைடைப் பயன்படுத்தியது. குளோரின் படிகத்துக்குள் தங்குகிறதா, படிகம் வளர வழிசெய்துவிட்டு வெளியேறுகிறதா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. மிகச் சிறு அளவே எஞ்சுகிறது என்பார் பலர். 2014இல் அதே குழு பிரிடின், தயோபீன் ஆகியவற்றால் ஏட்டைப் பதப்படுத்தியது. இவற்றின் நைட்ரஜனும் கந்தகமும் தம் எலக்ட்ரான் இணையை ஈயத்துக்குக் கொடுத்துப் பழுதை அடைக்கின்றன என்பது விளக்கம்.

லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் யாங் யாங் குழு 2017இல் கையிலெடுத்தது யூரியாவை. கள்ளக்குறிச்சிக் கரும்புத் தோட்டங்களில் மூட்டை மூட்டையாக இறைக்கப்படும் அதே யூரியாதான். இங்கே படிகம் நிதானமாக வளர ஒரு சிட்டிகை போதும். 2019இல் அக்குழு காபியின் காஃபீனைச் சேர்த்தது. மனிதருக்குத் தெம்பூட்டும் காபி பெரோவ்ஸ்கைட்டுக்கும் ஊட்டுமா என்று காலைக் காபியின்போது விளையாட்டாக எழுந்த கேள்வியே தொடக்கம் என்கிறார்கள். காஃபீனின் கார்பனைல் தொகுதிகள் ஈயத்தைப் பற்றிக்கொள்ள, திறன் 17இலிருந்து 20 விழுக்காட்டைத் தாண்டியது. 85 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் 1300 மணி நேரத்துக்கு மேலும் கலம் தாக்குப்பிடித்தது. ஆயினும் அதே ஆண்டில், ஏட்டின் மேற்பரப்பில் ஒப்பிட்டபோது காஃபீனை முந்தியது தியோஃபிலின்: தேயிலையில் உள்ளது, ஆஸ்துமாவுக்கு மருந்தாவது. காஃபீனில் மெத்தில் தொகுதி அமர்ந்துள்ள ஓரிடத்தில் இதில் ஹைட்ரஜன் உள்ளது. அது அயோடைடைப் பற்ற, பக்கத்துக் கார்பனைல் ஈயத்தைப் பற்றுகிறது. ஓர் அணுத்தொகுதியின் மாற்றம் இவ்வளவு செய்வது வியப்புக்குரியது.

சேர்பொருள்களின் வரிசையில் பொட்டாசியம் அயோடைடு 2018இல் வந்தது. 2021இல் ஃபார்மேட் அயனி, எறும்புக்கடியில் எரிச்சலூட்டும் ஃபார்மிக் அமிலத்தின் உறவு, திறனை 25.6 விழுக்காட்டுக்கு உயர்த்தியது.

இந்தியாவில் மும்பை ஐஐடி, சிலிக்கானோடு பெரோவ்ஸ்கைட்டை இணைக்கும் கலங்களில் ஈடுபட்டுள்ளது. கல்வராயன் மலைக் கூரைகளைப் போல வெயிலும் மழையும் மாறிமாறி அடிக்கும் இடங்களுக்கு ஆய்வகத் திறனைவிட ஆயுளே முக்கியம். 85 டிகிரி செல்சியஸ் வெப்பத்திலும் 85 விழுக்காடு ஈரப்பதத்திலும் 1000 மணி நேரம் தாங்க வேண்டும் என்கிறது சூரியத் தகடுகளுக்கான பன்னாட்டுச் சோதனை.