டூலா: பேற்றுத் துணையின் வரலாறு

டூலா என்பவர் பிரசவ நேரத்தில் தாயின் அருகிலேயே இருந்து அவருடைய உடலுக்கும் மனத்துக்கும் ஆறுதல் அளிக்கப் பயிற்சி பெற்ற துணைவர் ஆவார். அவர் மருத்துவரும் அல்லர்; மருத்துவச்சியும் அல்லர். பிரசவம் பார்ப்பதோ, குழந்தையின் இதயத்துடிப்பைக் கணிப்பதோ, மருந்து கொடுப்பதோ அவருடைய வேலை அன்று. இடுப்பை நீவிவிடுதல், மூச்சுவிடும் முறையை நினைவூட்டுதல், நடக்கவும் நிலைமாற்றி அமரவும் உதவுதல், மருத்துவர் கூறுவதைத் தாய்க்கு விளங்கச் செய்தல் ஆகியன அவருடைய பணிகள். இத்துணை ஒரு காலத்தில் உறவினரும் அண்டை வீட்டாரும் இயல்பாகச் செய்துவந்ததே. அது தனிப் பணியாக உருவான வரலாறு பெரும்பாலும் அமெரிக்காவில் நிகழ்ந்தது.

மருத்துவமனையும் தனிமையும்

1900ஆம் ஆண்டளவில் அமெரிக்காவில் நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவான பிரசவங்களே மருத்துவமனைகளில் நிகழ்ந்தன. 1940ஆம் ஆண்டளவில் அது பாதியைத் தாண்டியது. 1960களில் ஏறத்தாழ எல்லாப் பிரசவங்களும் அங்கேயே நடந்தன. நோய்த்தொற்றை அடக்கும் மருந்துகளும் இரத்தம் ஏற்றும் வசதியும் வந்தபின் தாய்மார் இறப்பு வெகுவாகக் குறைந்தது. ஆயினும் அதே காலத்தில் தாயுடன் இருந்தவர்கள் வெளியே நிறுத்தப்பட்டனர். கணவர் காத்திருப்பு அறையில் இருந்தார். தாய் தனியே வலியைத் தாங்கினார். மார்பினும் ஸ்கோபொலமைனும் கலந்து தரப்பட்ட ‘அந்தி உறக்கம்’ என்னும் முறை வலியின் நினைவை அழித்ததே அன்றி வலியை முழுமையாக நீக்கவில்லை. மயக்கத்தில் புரண்டு விழாதிருக்கப் பெண்கள் கட்டிலோடு பிணைக்கப்பட்டதும் உண்டு.

பெயரின் தோற்றம்

‘டூலா’ என்பது பணிப்பெண் அல்லது அடிமைப்பெண் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. அமெரிக்க மானிடவியலாளர் டானா ரஃபேல் 1973இல் வெளியிட்ட தாய்ப்பாலூட்டல் பற்றிய நூல் இச்சொல்லைப் பரவலாக அறியச் செய்தது. பிள்ளை பெற்ற தாயைத் தாங்கி நிற்கும் பெண்ணையே அவர் அச்சொல்லால் குறித்தார். பிரசவ வேளைத் துணைக்கு அப்பெயர் வழங்கியது பின்னரே.

ஆய்வுகள் காட்டியவை

மார்ஷல் கிளாஸ், ஜான் கென்னல் ஆகிய குழந்தை மருத்துவர்கள் தாய்–சேய் பிணைப்பை ஆராய்ந்து வந்தவர்கள். ரொபர்ட்டோ சோசாவுடன் இணைந்து குவாத்தமாலாவின் ஒரு மருத்துவமனையில் அவர்கள் நடத்திய ஆய்வு 1980இல் வெளியானது. தாய்மார்க்கு முன்பின் அறியாத, மருத்துவப் பயிற்சியற்ற பெண்களே அங்குத் துணையாக அமர்த்தப்பட்டனர். சிக்கலின்றிப் பெற்றவர்களுள் துணையுடன் இருந்தோர்க்கு, மருத்துவமனையில் சேர்ந்ததிலிருந்து பிரசவம் வரை சராசரியாக 8.8 மணி நேரம் ஆயிற்று, துணையற்றோர்க்கு 19.3 மணி நேரம் ஆயிற்று.

அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் நடந்து 1991இல் வெளியான ஆய்வு இதனை மேலும் தெளிவாக்கியது. டூலாவின் துணையைப் பெற்ற 212 பெண்களுள் 8 விழுக்காட்டினர்க்கும், துணையின்றி வழக்கமான கவனிப்பை மட்டும் பெற்ற 204 பெண்களுள் 18 விழுக்காட்டினர்க்கும் சிசேரியன் அறுவை தேவைப்பட்டது. மூன்றாவதாக 200 பெண்களின் அறைகளில், ஒன்றும் பேசாமல் குறிப்பெடுத்துக்கொண்டு மட்டும் இருந்த ஒரு பெண் அமர்ந்திருந்தார். அவர்களிடையே அது 13 விழுக்காடாக இருந்தது. ஒருவர் விலகாமல் உடனிருப்பதற்கே பயன் உண்டு என்பதை இம்முடிவு உணர்த்தியது. 17 நாடுகளின் 26 ஆய்வுகளைத் தொகுத்த 2017ஆம் ஆண்டின் காக்ரேன் மீளாய்வும் தொடர்ச்சியான துணை சிசேரியனைக் குறைக்கக்கூடும் என்றே கூறியது.

நம்பிக்கையும் மாற்று ஏற்பாடும்

1992இல் கிளாஸ், கென்னல், பென்னி சிம்கின் முதலியோர் வட அமெரிக்க டூலாக்களுக்கென ஓர் அமைப்பை நிறுவினர். இன்று அது ‘டோனா இன்டர்நேஷனல்’ எனப்படுகிறது. பயிற்சி, சான்றிதழ், நடத்தை விதிகள் ஆகியவை இத்தகைய அமைப்புகளால் உருவாயின. எனினும் சான்றிதழ் என்பது அரசு உரிமம் அன்று. ஆகவே முன்பு துணை பெற்ற தாய்மாரின் கருத்தும், நேரில் பேசிப் பார்ப்பதும் இன்றியமையாதவையாக இருந்துவருகின்றன.

குறித்த நாளில் பிறக்கும் குழந்தைகள் சிலவே. எனவே டூலாக்கள் பொதுவாக 38ஆம் வாரம் முதல் 42ஆம் வாரம் வரை அழைப்புக்கு ஆயத்தமாக இருக்கின்றனர். அக்காலத்தில் அவர் நோயுறலாம். வேறொரு பிரசவத்தில் இருக்கலாம். உடனிருப்பதே இப்பணியின் பயன் என்பதால், வராமற் போவது பணியையே பொருளற்றதாக்கிவிடும். இதனாலேயே மாற்று டூலாவை முன்கூட்டி ஏற்பாடு செய்வது தொழில் ஒழுங்காயிற்று. அவரைத் தாய் முன்பே சந்தித்திருப்பதும், எந்நிலையில் யார் வருவார் என்பதை எழுத்தில் ஒப்புக்கொள்வதும் நல்ல வழக்கங்கள். இரத்தப்போக்கு, வலிப்பு போன்ற இடர்களுக்கு மருத்துவரும் மருத்துவமனையுமே காப்பு. எந்த டூலாவும் அவர்களுக்கு மாற்றாக மாட்டார்.

பெருந்தொற்றுக் காலச் சோதனை

2020 மார்ச்சில் நியூயார்க் நகரின் சில மருத்துவமனைகள் கோவிட் தொற்றைத் தடுக்கக் கருதிப் பிரசவ அறைக்குள் எந்தத் துணையையும் அனுமதிக்கவில்லை. அம்மாத இறுதியில் மாநில அரசு ஒருவரை அனுமதிக்க ஆணையிட்டது. கணவரா டூலாவா என்று தேர்ந்தெடுக்கும் நிலை பலர்க்கு உண்டாயிற்று. டூலாக்கள் தொலைபேசியிலும் காணொலியிலும் துணை நின்றனர். ஏப்ரல் இறுதியில் அவர்களையும் உடன் அனுமதிக்க மாநில அரசு முடிவு செய்தது.

இந்தியாவில்

தமிழ்நாட்டின் அரசு மருத்துவமனைகளில் பிரசவத்தின்போது உறவுப்பெண் ஒருவர் உடனிருக்கும் திட்டம், நாடு முழுவதற்குமான முடிவுக்கு முன்பே தொடங்கிவிட்டது. 2016இல் இந்திய நலவாழ்வு அமைச்சகம் எல்லா அரசு மருத்துவமனைகளிலும் பிரசவத் துணையை அனுமதித்தது. 2018இல் உலக நலவாழ்வு அமைப்பு, ஒவ்வொரு பெண்ணும் தாம் விரும்பும் ஒருவரைத் துணையாகக் கொள்ளலாம் எனப் பரிந்துரைத்தது. அத்துணைவர் பயிற்சி பெற்ற டூலாவாகவும் இருக்கலாம். தாயோ அக்காளோ அத்தையோ ஆகவும் இருக்கலாம். வலி தொடங்கியது முதல் குழந்தை பிறக்கும் வரை அவர் விலகாதிருப்பதும், அவரால் இயலாதபோது வேறொருவர் ஆயத்தமாக இருப்பதுமே இவ்வரலாறு வலியுறுத்தும் தேவைகளாகும்.