விரல் எழும் நேரம்

துபாயின் கிழக்கு ஓரத்தில், சார்ஜா எல்லையை ஒட்டியிருக்கும் அல் குசைஸில் டைப்பிங் சென்டர் பலகைகள் பழகிப்போன காட்சி. விசா புதுப்பிப்பதற்கும் குடும்பத்தை அழைத்துவருவதற்கும் வேலை ஒப்பந்தம் பதிவதற்கும் அரபியில் விண்ணப்பம் வேண்டும். அரபி எழுதத் தெரியாதவருக்கு அதைத் தட்டிக் கொடுப்பதே அந்தக் கடைகளின் பிழைப்பு. மேசைக்குப் பின்னால் இருப்பவர் பல இடங்களில் மலையாளி, சில இடங்களில் தமிழர். அதே கட்டடங்களின் மேல்மாடி அறைகளில், வேலை முடிந்து வந்த இளைஞர்கள் கவுன்டர் ஸ்ட்ரைக் ஆடுவதற்கு எந்த மெக்கானிக்கல் கீபோர்டு வாங்கலாம் என்று விவாதிக்கிறார்கள். கீழே நடப்பது பிழைப்பு, மேலே நடப்பது விளையாட்டு. இரண்டுக்கும் தொடர்பில்லை என்று தோன்றும். ஆனால் இரண்டு மேசையிலும் இருக்கும் விசைக்கு ஒரே வம்சாவளி. அதைத் தெரிந்துகொண்டால் கீபோர்டு தேர்வில் கேட்க வேண்டிய முதல் கேள்வியே மாறிவிடும். விசை எவ்வளவு விரைவாக இறங்குகிறது என்று கடைக்காரரும் விளம்பரமும் சொல்கிறார்கள். அது எப்படி எழுகிறது என்பதைத்தான் நாம் கேட்க வேண்டும்.

1874இல் ரெமிங்டன் நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த இயந்திரத்திலிருந்தே இந்தக் கேள்வி இருக்கிறது. விசையைத் தட்டினால் எழுத்துக்கம்பி எழுந்து அச்சைப் பதித்துவிட்டுத் தன் இடத்துக்குத் திரும்ப வேண்டும். திரும்புவதற்குள் பக்கத்துக் கம்பி கிளம்பினால் இரண்டும் சிக்கிக்கொள்ளும். கையால்தான் பிரித்துவிட வேண்டும். எனவே வேகத்துக்கு எல்லை வகுத்தது கம்பி திரும்பும் நேரமே. தமிழ்நாட்டுத் தட்டச்சுப் பயிலகங்கள் இதை விரலுக்குள் ஏற்றிவிட்டன. 'ஹையர்' என்று எல்லோரும் சொல்லும் முதுநிலைத் தேர்வுக்கு நிமிடத்துக்கு 45 சொற்கள் வேண்டும். சொல்லுக்கு ஐந்து தட்டு என்று வைத்தால் 225 தட்டுகள், வினாடிக்கு ஏறக்குறைய நான்கு. விசையை அமுக்கிக்கொண்டே இருப்பவருக்கு அந்த வேகம் வராது. சூடான பாத்திரத்தைத் தொட்டதுபோல விரல் உடனே விலக வேண்டும். நம் மொழியே இதற்குச் சாட்சி: அந்தக் கலைக்கு வைத்த பெயர் 'தட்டச்சு', யாரும் அதை 'அழுத்தச்சு' என்று சொல்லவில்லை.

தமிழுக்கு இந்த இயந்திரத்தைப் பழக்கியவர், யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குளியில் பிறந்து மலாயா, சிங்கப்பூர் பக்கம் போய் வாழ்ந்த ஆர். முத்தையா. தமிழ்த் தட்டச்சுப் பொறியில் புள்ளிக்கான விசையைத் தட்டினால் புள்ளி விழும், ஆனால் தாளைச் சுமக்கும் வண்டி நகராது. அடுத்துத் தட்டும் எழுத்து அந்தப் புள்ளிக்கு அடியிலேயே வந்து உட்காரும். கையால் எழுதும்போது கடைசியில் வைக்கிற புள்ளி இங்கே முதலில் வந்துவிடுகிறது. ஒரு விசையின் குணம் அது கீழே போவதில் மட்டும் இல்லை, போன பிறகு என்ன நடக்கிறது என்பதிலும் இருக்கிறது. அந்த நகராத விசையைப் பழகிய விரல்கள் இதை நன்றாகவே அறிந்திருந்தன. ஹையர் சான்றிதழும் பாஸ்போர்ட்டுமாக வளைகுடாவுக்கு விமானம் ஏறியவர்கள் கொண்டுபோனது அந்த விரல்களைத்தான்.

கணினி வந்தபோது சிக்கிக்கொள்ளக் கம்பிகள் இல்லை. ஆனாலும் முதல் தலைமுறைப் பொறியாளர்கள் தட்டச்சரை மறக்கவில்லை. 1981இல் தன் பிசியோடும் 1985இல் மாடல் எம் என்ற பெயரிலும் ஐபிஎம் தந்த கீபோர்டுகளில் ஒவ்வொரு விசைக்கும் அடியில் ஒரு சுருள்வில் இருந்தது. அது வளைந்து மடியும் கணத்தில் 'டக்'கென்ற ஒலியும் விரலில் ஒரு துள்ளலும் கிடைக்கும். பதிந்துவிட்டது, கையை எடு என்பதற்கான சைகை அது. ஜெர்மனியின் செர்ரி நிறுவனம் எம்எக்ஸ் சுவிட்சுகளை உருவாக்கியதும் அதே எண்பதுகளில்தான். பிறகு கணினி மலிந்தது, கீபோர்டும் மலிய வேண்டியிருந்தது. தொண்ணூறுகளில் ரப்பர் குமிழ் வைத்த கீபோர்டுகள் எல்லா மேசைக்கும் வந்தன. நன்றாக உள்ளே போகிற, சோம்பலாகத் திரும்புகிற விசைகள் அவை. பர் துபாயின் காலித் பின் அல் வலீத் சாலையில் கணினிக் கடைகள் பெருகின. டைப்பிங் சென்டர்களுக்குப் போனவை விலை குறைந்த இந்தக் கீபோர்டுகளே. நாள் முழுக்கத் தட்டுவதே தொழிலாக உள்ளவருக்கு இருப்பதிலேயே மட்டமான விசை கிடைத்தது என்பதை எளிதாகக் கடந்துபோக எனக்கு மனம் வரவில்லை.

தட்டச்சுத் தொழில் கைவிட்ட நல்ல விசையை மீட்டெடுத்தவர்கள் விளையாட்டுக்காரர்கள். 1997இல் க்வேக் போட்டியில் வென்று, அந்த விளையாட்டை எழுதிய ஜான் கார்மாக்கின் ஃபெராரி காரையே பரிசாகப் பெற்றவர் டென்னிஸ் ஃபாங். ஆட்டத்தில் நகர்வதற்கு அவர் பயன்படுத்திய டபிள்யூ, ஏ, எஸ், டி விசை அமைப்பு உலகெங்கும் பரவியது. இங்கே இடக்கையின் வேலை அடியோடு மாறுகிறது. கவுன்டர் ஸ்ட்ரைக்கில் ஓடிக்கொண்டே சுட்டால் குண்டு குறி தவறும். இடப்பக்கம் ஓடுபவர் சட்டென்று நிற்க வேண்டுமானால் ஏ விசையை விட்டு, டி விசையை ஒரு நொடித்துளி தொட வேண்டும். விடுவது தாமதமானால் நிற்பதும் தாமதம். வழக்கமான எம்எக்ஸ் சிவப்பு சுவிட்சு 4 மில்லிமீட்டர் இறங்கும், 2 மில்லிமீட்டரில் பதியும். அடிவரை அமுக்கிய விரல் ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் எழுந்த பிறகுதான் விட்டதாகக் கணினி ஒப்புக்கொள்ளும். 1.2 மில்லிமீட்டரிலேயே பதியும் 'ஸ்பீடு' சுவிட்சை வாங்கியவருக்கு இன்னொரு சங்கடம்: இறங்கும் வழி குறைந்தது, எழும் வழி நீண்டுவிட்டது. விளம்பரத்தில் பெரிய எழுத்தில் போட்ட எண் அவருக்குப் பாதி உண்மையைத்தான் சொன்னது.

இதற்கு விடையாக வந்ததும் பழைய சரக்கே. காந்தத்தின் நெருக்கத்தை மின்னழுத்தமாக உணர்த்தும் ஹால் விளைவை எட்வின் ஹால் கண்டது 1879இல். அதை வைத்து ஹனிவெல் நிறுவனம் அறுபதுகளின் கடைசியிலேயே கீபோர்டு செய்தது. நெதர்லாந்தின் வூட்டிங் போன்ற சிறிய நிறுவனங்கள் அதை விளையாட்டு மேசைக்குத் திருப்பிக் கொண்டுவந்தன. விசை எந்த ஆழத்தில் இருக்கிறது என்பதைக் காந்தம் இடைவிடாமல் சொல்வதால், விரல் 0.1 மில்லிமீட்டர் எழுந்தாலே விட்டதாகக் கணக்கு வைக்க முடிகிறது. 'ரேபிட் ட்ரிக்கர்' என்று இதற்குப் பெயர். அடுத்து நடந்ததுதான் என் வாதத்துக்கு வலுவான சான்று. 2024இல் ரேசர் நிறுவனம் 'ஸ்னாப் டாப்' என்ற வசதியைக் கொண்டுவந்தது. ஏ விசையை விடாமலே டி விசையைத் தொட்டால், ஏ விசையை விட்டதாகக் கீபோர்டே எடுத்துக்கொள்ளும். அந்த ஆகஸ்டிலேயே வால்வ் நிறுவனம் தன் கவுன்டர் ஸ்ட்ரைக் சர்வர்களில் அதைத் தடை செய்தது. வேகமாக இறங்கும் சுவிட்சை யாரும் தடை செய்ததில்லை. விரல் செய்ய வேண்டிய விடுதலை இயந்திரத்தின் கைக்குப் போனபோதுதான் தடை வந்தது. திறமை எங்கே இருக்கிறது என்பதை அந்தத் தடை காட்டிவிட்டது.

தட்டச்சரையும் விளையாட்டுக்காரரையும் ஒரே கயிற்றில் கட்டலாமா என்று கேட்கலாம். ஒருவர் எழுத்துகளை வரிசையாகத் தட்டுகிறார்; மற்றவர் மூன்று நான்கு விசைகளைச் சேர்த்துப் பிடிக்கிறார். உண்மைதான், அதனால்தான் எத்தனை விசையைச் சேர்த்துப் பிடித்தாலும் ஒன்றும் தொலையாத கீபோர்டு விளையாட்டுக்குத் தேவைப்படுகிறது. ஆனால் சேர்த்துப் பிடிப்பவருக்கு எது எப்போது விடப்பட்டது என்பது இன்னும் முக்கியமாகிறதே தவிர குறையவில்லை. இன்னொரு மறுப்பு கனமானது: இணையத்தின் தாமதத்துக்கு முன் இந்த மில்லிவினாடிகள் எம்மாத்திரம்? வேறு கண்டத்து சர்வரில் ஆடுபவருக்கு நான் இந்த மறுப்பை ஏற்றுக்கொள்வேன். அவர் காசை வேறெங்காவது செலவழிக்கலாம். வால்வுக்குத் துபாயிலேயே சர்வர் இருக்கிறது. அல் குசைஸிலிருந்து அதில் ஆடுபவருக்கு வலைத் தாமதம் மிகக் குறைவு. மீதமிருக்கும் தாமதத்தில் விரலுக்கும் விசைக்கும் உள்ள பங்கு பெரிதாகிறது. 2024 கோடையில் ரியாத்தில் 6 கோடி டாலருக்கும் மேல் பரிசுத்தொகையோடு மின்விளையாட்டு உலகக் கோப்பை நடந்த பிறகு, இந்த வட்டாரத்தில் இதை வெட்டிப் பொழுதுபோக்கு என்று ஒதுக்கவும் முடியாது.

மூன்றாவது மறுப்பு ஒலியைப் பற்றியது: 'டக்'கென்று ஒலிக்கும் நீலச் சுவிட்சு தட்டச்சரின் பழைய சைகையைத் திருப்பித் தருகிறதே, அதை ஏன் விட வேண்டும்? அல் குசைஸில் பெட் ஸ்பேஸில், அதாவது பலர் பகிரும் அறையில் ஒரு கட்டிலை மட்டும் வாடகைக்கு எடுத்து இருப்பவருக்கு விடை உடனே தெரியும். அடுத்த கட்டிலில் இருப்பவர் விடியுமுன் வேலைக்குப் போக வேண்டியவர். நடுராத்திரியில் அந்த ஒலி அவர் தூக்கத்தைத் திருடும். அதைவிட முக்கியம், செர்ரி நீலத்தில் பதியும் இடமும் விடும் இடமும் வேறு வேறு. ஒலி இறங்குவதை அறிவிக்கிறது. விட்ட இடத்தை அது சொல்வதில்லை. சத்தமற்ற, தடங்கலின்றி ஏறி இறங்கும் சுவிட்சே அந்த அறைக்கும் அந்த ஆட்டத்துக்கும் பொருந்தும். காந்தச் சுவிட்சில் உரசித் தேயும் உலோகத் தொடுமுனை இல்லாதது, பாலைத் தூசியும் கடற்கரை ஈரப்பதமும் சேர்ந்த ஊரில் கூடுதல் நன்மை.

வளைகுடாவில் விற்கும் கீபோர்டுகள் பலவற்றில் விசைக்கு இரண்டு எழுத்துகள்: ஆங்கிலமும் அரபியும். டபிள்யூ மேல் ஸாத், ஏ மேல் ஷீன், எஸ் மேல் சீன், டி மேல் யா. டைப்பிங் சென்டரில் அதிகம் உழைப்பவை அலிஃபும் லாமும், அதாவது நடுவிலுள்ள ஹெச், ஜி விசைகள். மேல்மாடியில் தேய்பவை இடப்பக்கத்து நான்கும். யா எழுத்தைச் சுமக்கும் டி மட்டும் இரண்டு மேசையிலும் ஓய்வில்லாமல் உழைக்கிறது. கீழே அது ரப்பர் குமிழின் மேல் மெதுவாக, தன் சௌகரியத்துக்கு எழுந்து வருகிறது.