மலையருவியும் நம் வீட்டுத் தாலாட்டும்

தஞ்சை சரசுவதி மகால் என்றதும் இரண்டாம் சரபோசி மன்னர் (1798–1832) சேர்த்த ஏடுகளே நம் நினைவில் எழும். வடமொழியும் மராத்தியும் தமிழும் அடுக்கடுக்காய் உறங்கும் அரண்மனை நூலகம் அது. எழுத்தறியாதோரின் வாய்ப்பாட்டுக்கு அங்கே என்ன இடம்? 1958ஆம் ஆண்டில் அந்த இடம் கிடைத்தது. ‘மலையருவி’ என்னும் நாடோடிப் பாடல் தொகுதியை அந்நூலகமே வெளியிட்டது.

பாடல்களைத் திரட்டியவர் பெர்சி மாக்வீன் என்னும் ஐ.சி.எஸ். அதிகாரி. ஆள வந்த கூட்டத்தில் ஒருவர் தெம்மாங்குக்குச் செவிசாய்த்தது வியப்பே. பதிப்பித்தவர் ‘கலைமகள்’ ஆசிரியர் கி. வா. ஜகந்நாதன். குடந்தையை அடுத்த உத்தமதானபுரத்தைச் சேர்ந்த உ. வே. சாமிநாதையரின் மாணாக்கர் அவர். ஆசான் செல்லரித்த ஏடுகளைத் தேடி அலைந்தார். மாணாக்கரோ ஏடேறாத பாட்டையும் தேடினார். பழந்தமிழ் பயின்ற புலவர் ஒருவர் வயலில் எழுந்த பாட்டை இலக்கியமென ஒப்பியது அந்நாளில் சிறு செயலன்று.

ஏடு ஒன்று அழிந்தால் வேறொரு படி எங்கேனும் கிடைக்கலாம். பாட்டு அவ்வாறன்று, அது தொழிலோடு பிறந்து தொழிலோடு மறைவது. குறுவைக்கும் சம்பாவுக்கும் பெண்கள் வரிசையாய்க் குனிந்து நாற்று நட்டபோது ஒருத்தி எடுத்துக்கொடுக்க மற்றவர் தொடர்ந்தனர். சந்தத்தோடு கையும் நடந்தது. நடவு இயந்திரம் இறங்கிய வயலில் அப்பாட்டுக்கு வேலையில்லை.

தொகுப்போரால் நேரும் குறையும் உண்டு. பிரான்சு நாட்டின் பிரித்தானிப் பகுதியில் வில்மார்க்கே என்பார் 1839இல் பிரெத்தோன் மொழிப் பாடல்களைத் தொகுத்து வெளியிட்டார். மக்கள் பாட்டைத் தம் விருப்பப்படி மெருகேற்றிவிட்டார் என்று பின்னர் பெரும் பூசல் எழுந்தது. நம் நாட்டில் நாம் காணும் குறை வேறு: தொகுத்தவர் பெயர் நிற்கிறது, பாடியவள் பெயர் பெரும்பாலும் நிற்பதில்லை.

இனி நம் இல்லங்களுக்கு வருவோம். நாகூரில் பக்கீர்கள் தாயிரா கொட்டிப் பாடியதை ஊரே கேட்டது. புலவர்கள் இயற்றிய கிஸ்ஸாக்களும் முனாஜாத்துகளும் அச்சேறின. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் திருப்பெயரையும் பாத்திமா நாயகியாரின் பெயரையும் இழைத்து, கூத்தாநல்லூரிலும் அதிராம்பட்டினத்திலும் தொட்டிலருகே நம் பெண்கள் பாடியவற்றுள் அச்சேறியவை எத்தனை? ஆடவர் மலாயாவுக்குக் கப்பலேறிவிட்ட வீடுகளில் அப்பாட்டே பேச்சுத்துணை. சிலர் அறபுத்தமிழில் குறித்து வைத்தனர். அவ்வெழுத்தைப் படிப்போர் இன்று அருகிவிட்டனர். மூதாட்டியார் இருக்கும் வீட்டில் ஒரு பள்ளிக் குறிப்பேடு போதும், கைப்பேசியும் இருக்கிறது. அவர் பாடுவதைப் பாடியபடியே, அவர் பெயரோடும் ஊரோடும் இந்த ரமலான் விடுமுறையிலேயே பதிந்து வைக்கலாம்.